சி, ஹெச் இரண்டும் சேர்ந்து தொடங்கும் ஆங்கிலச் சொல்லை எப்போது 'ச', எப்போது 'க', எப்போது 'ஷ' என்று சொல்வது?

கேள்வி இதுதான்: பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த மகள் பதினொன்றில் ஆங்கிலவழியில் சேர்ந்திருக்கிறாள். சி, ஹெச் இரண்டும் முதலில் வரும் சொல் என்றாலே தடுமாறுகிறாள். கெமிஸ்ட்ரியைச் சரியாகச் சொல்பவள் கோரஸைச் 'சோரஸ்' என்கிறாள். வகுப்பில் சிரிக்கிறார்களாம். இதற்கு விதி ஏதும் உண்டா, எல்லாவற்றையும் மனப்பாடம்தான் செய்யணுமா?

விதி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் கதை கொஞ்சம், ஏனென்றால் உங்கள் மகள் உட்கார்ந்திருக்கும் அதே பெஞ்சில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

1999. மதுரையில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. அதுவரை தமிழ்வழி. ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். 'பெருங்குழப்பம்' என்று பொருள்படும் 'கேயாஸ்' என்ற சொல் வந்தது. அதை நான் 'சாவோஸ்' என்று வாசித்தேன். முதலில் சிரித்தது ஆசிரியர். அப்புறம் வகுப்பு முழுக்கச் சிரித்தது. சரியான உச்சரிப்பை மட்டும் சொல்லி உட்கார வைத்தார்கள். அது ஏன் அப்படி என்று யாரும் சொல்லவில்லை. அந்த வருஷம் முழுக்க, வாசிக்கச் சொன்னால் தொண்டை சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன். இப்போது பதினான்கு வருஷமாக அவனியாபுரத்தில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் உங்கள் மகளைப் போல வழி மாறி வந்தவர்கள். ஜூன் மாதம் முதல் வாரத்திலேயே இந்த இரண்டு எழுத்தைத்தான் எடுப்பேன்.

பிள்ளைகளிடம் முதலில் நம்ம 'ச'வைக் காட்டுவேன். சட்டை, பச்சை, பஞ்சு. மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே எழுத்து, மூன்று ஒலி. நாம் யாரும் இதற்காக மனப்பாடம் செய்ததில்லை. சொல்லின் முதலில் நின்றால் ஒன்று, இரட்டித்தால் ஒன்று, 'ஞ்'சுக்குப் பின்னால் வந்தால் ஒன்று. தமிழில் எழுத்து நிற்கிற இடத்தைப் பார்த்து ஒலி மாறுகிறது. ஆங்கிலத்தில் சொல் பிறந்த ஊரைப் பார்த்து ஒலி மாறுகிறது. விதி இவ்வளவுதான். நம் எழுத்திலும் ஒன்றுக்கு மூன்று இருப்பதைப் பார்த்த பிறகு பிள்ளைகளுக்குப் பயம் பாதி குறைந்துவிடும்.

மதுரைக்கு வந்திருக்கிற ஒருவர் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியணுமா, எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்கினார் என்று கேட்டால் போதும். ஆரப்பாளையம் என்றால் தேனி, கம்பம், திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பக்கம். மாட்டுத்தாவணி என்றால் திருச்சி, சென்னை, திருநெல்வேலி, ராமநாதபுரம். ஆங்கிலத்துக்குள் வந்த இந்தச் சொற்களும் அப்படித்தான், மூன்று ஸ்டாண்டில் இறங்கியவை.

முதல் கூட்டம் உள்ளூர்க்காரர்கள். சைல்ட், சின் என்கிற மோவாய், சீக் என்கிற கன்னம், சூஸ், சீஸ், சாக், சர்ச். தினப்படிப் புழக்கத்துச் சொற்கள். எல்லாம் 'ச்', பச்சையில் வருகிற அந்த ஒலி. இதில் ஒரு அழகான விஷயம் உண்டு. இவை ஒரு காலத்தில் 'க்' என்றுதான் ஒலித்தன. ஆங்கிலத்தின் பங்காளி ஜெர்மன்; அதில் மோவாய்க்கு இன்றைக்கும் 'கின்', பாலாடைக்கட்டிக்குக் 'கேஸ'. 'இ', 'எ' மாதிரி முன்னுயிர் வந்த இடத்தில் பழைய ஆங்கிலத்தின் 'க்' மெல்ல நகர்ந்து 'ச்' ஆகிவிட்டது. இது நமக்கு அந்நியமான சங்கதி இல்லை. கன்னடத்தில் காதுக்குக் 'கிவி', நமக்குச் 'செவி'. அவர்களுக்குக் 'கெம்பு', நமக்குச் 'செம்மை'. அவர்களுக்குக் 'கிரு', நமக்குச் 'சிறு'. அதே 'இ', 'எ' முன்னால், அதே 'க்' அதே 'ச்' ஆனது. இத்தனை மைல் தள்ளி இருக்கிற இரண்டு மொழிகளில் நாக்கு ஒரே மாதிரி வழுக்கியிருக்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே சிலிர்க்கும்.

இரண்டாவது கூட்டம் பிரெஞ்சுக்காரர்கள். இவர்களைத்தான் கவனமாகப் பார்க்கணும், ஒரே ஊரிலிருந்து இரண்டு தடவை வந்தவர்கள். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பின் வந்த பிரெஞ்சுச் சொற்களில் இந்த இரண்டு எழுத்துக்கும் 'ச்' என்றுதான் ஒலி, அன்றைய பிரெஞ்சுக்காரர்களே அப்படித்தான் சொன்னார்கள். சேர், செயின், சேஞ்ச், சேப்பல், சீஃப் எல்லாம் அந்தக் காலத்து வரவு. 1200-களில் பிரான்சில் அந்த ஒலி கரைந்து 'ஷ' ஆனது. ஆங்கிலத்துக்குள் ஏற்கெனவே குடியேறியவை பழைய ஒலியிலேயே நின்றுவிட்டன. பின்னால் வந்தவை புது ஒலியோடு வந்தன: ஷாம்பெயின், சரவிளக்கைக் குறிக்கும் ஷாண்டிலியர், கார் ஓட்டுநருக்கு ஷோஃபர், பாராஷூட்டில் இருக்கும் ஷூட்.

இதற்கு நல்ல சாட்சி சீஃபும் ஷெஃபும். இரண்டும் ஒரே சொல். லத்தீனில் தலைக்குக் 'காபுட்'. அது பழைய பிரெஞ்சில் 'ச்' ஒலிக்கு மாறி, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'சீஃப்', தலைவர். 1800-களில் அதே சொல் மறுபடி வந்தபோது 'ஷெஃப்', சமையற்கட்டின் தலைவர். ஐந்நூறு வருஷ இடைவெளிதான் 'ச'வையும் 'ஷ'வையும் பிரித்தது. ஓட்டல் மேனேஜ்மெண்ட் படிக்கப் போன என் மாணவன் ஒருவன் இன்டர்வியூவில் 'செஃப்' என்று சொல்லிவிட்டு வந்து முகம் வாடி உட்கார்ந்திருந்தான். இந்தக் கதையைச் சொன்னதற்கு அப்புறம் அவன் அதைத் தப்பாகச் சொன்னதே இல்லை.

காதால் கேட்டுக் கற்ற சொல்லைப் பெரும்பாலும் யாரும் தப்பாகச் சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடையில் போய் நில்லுங்கள். ஆங்கிலம் ஒரு எழுத்துக்கூடத் தெரியாத அம்மாவும் 'ஷிபான் சேலை எடுத்துப் போடுப்பா' என்றுதான் கேட்பார். ஒருவரும் 'சிபான்' என்பதில்லை. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் கந்தல் துணி என்று பொருள். கண்ணால் எழுத்தைப் பார்த்துக் கற்ற பிள்ளைக்குத்தான் சிக்கல், அது அந்தப் பிள்ளையின் தப்பு இல்லை.

எங்கள் வீட்டில் தினமும் புழங்கிய சொல் ஒன்று இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. அப்பா லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். வண்டியின் அடிச்சட்டத்தை அவர் 'சேஸ்' என்பார், சிலர் 'சேஸிஸ்' என்பார்கள். அகராதி 'ஷாஸி' என்கிறது. கடைசி எழுத்துக்கு ஒருமையில் ஒலியே கிடையாது. ஆர்டிஓ ஆபீசுக்குத் தாள் கொடுக்கணும் என்றால் அப்பா சட்டத்தில் நம்பர் இருக்கிற இடத்தைத் தேடிப்பிடித்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கிரீசைத் துடைத்து, மேலே மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்ப்பார். இரும்பில் வெட்டியிருந்த எழுத்து ஒவ்வொன்றாகத் தாளில் மேலே எழும்பி வரும். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன். பின்னால் கல்லூரியில் 'கேரக்டர்' என்ற சொல்லின் வேரைப் பார்த்தபோது அந்தத் தாள்தான் கண்ணில் வந்தது. கிரேக்கத்தில் அதற்குப் பொருள், வெட்டிப் பதித்த அடையாளம். அதிலிருந்துதான் எழுத்து என்ற பொருளும், ஒருவரிடம் பதிந்துபோன குணம் என்ற பொருளும் வந்தன. ஷாஸியின் மேல் கேரக்டர். இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே மூன்று எழுத்தில் தொடங்குகின்றன. ஒன்று பிரான்சிலிருந்து, ஒன்று கிரீசிலிருந்து.

அதுதான் மூன்றாவது கூட்டம், 'க்'. உங்கள் மகளுக்கு இப்போது அதிகம் வேண்டியது இதுதான். பிளஸ் ஒன் அறிவியல் புத்தகத்தில் இந்த எழுத்தில் தொடங்கும் கலைச்சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கம். அறிவியல், மருத்துவம், இசை, காலக்கணக்கு என்று வந்தால் 'க்' என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் அந்த இரண்டு எழுத்துக்கு அடுத்து 'ஆர்' அல்லது 'எல்' நின்றால் யோசிக்கவே வேண்டாம், 'க்'தான்: கிறிஸ்துமஸ், குரோமியம், குளோரின், குளோரோஃபில்.

இங்கே தமிழ்வழிப் பிள்ளைக்கு ஒரு பலம் இருக்கிறது, அதை அவளுக்கு எடுத்துக் காட்டுங்கள். வட்டத்தில் வரும் 'கார்ட்' என்பதை ஆங்கிலவழிப் பிள்ளை வெறும் சொல்லாகத்தான் கற்கும். உங்கள் மகள் அதை 'நாண்' என்று படித்திருக்கிறாள், வில்லில் இழுத்துக் கட்டிய கயிறு. கிரேக்கத்தில் அதன் பொருளும் அதுவேதான், குடலால் திரித்த நரம்பு. குளோரோஃபிலை அவள் 'பச்சையம்' என்று படித்தாள். 'குளோரோஸ்' வெளிர்பச்சை, 'ஃபில்லோன்' இலை. அதே பச்சைதான் குளோரினிலும் இருக்கிறது. அந்த வாயுவின் நிறத்தைப் பார்த்து 1810-இல் ஹம்ப்ரி டேவி வைத்த பெயர். 'க்ரானிக்' என்றால் நம் ஊரில் 'ரொம்ப மோசம்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'க்ரோனோஸ்' என்றால் காலம். க்ரானிக் என்றால் நாள்பட்டது, அவ்வளவே. தமிழ்வழியில் படித்தவளுக்குப் பொருள் ஏற்கெனவே கைவசம். ஒலி ஒன்றுதான் பாக்கி.

வீட்டில் யாருக்காவது கொலஸ்ட்ரால் மாத்திரை இருக்கும். 'கோலே' என்றால் பித்தம், 'ஸ்டிரியோஸ்' என்றால் கெட்டியானது. முதலில் பித்தக்கற்களில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். காலராவிலும் அதே பித்தம். பாட்டி காலரா, கொலஸ்ட்ரால், கிறிஸ்துமஸ் மூன்றையும் சரியாகத்தானே சொல்கிறார்? அந்தக் காதை நம்பச் சொல்லுங்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கூடை கூடையாக இருக்கும் செவ்வந்திக்கு ஆங்கிலத்தில் 'க்ரிசாந்திமம்'. பொன் பூ என்று பொருள். பச்சோந்திக்குக் 'கமீலியன்', தரைச் சிங்கம். இப்படி ஒரு படம் மனதில் நின்றுவிட்டால் ஒலியும் கூடவே நின்றுவிடுகிறது. என் பிள்ளைகளிடம் நான் பார்த்த வரையில், பட்டியல் போட்டுப் படித்தவர்கள் பரீட்சை முடிந்ததும் மறந்தார்கள். கதையோடு படித்தவர்கள் மறக்கவில்லை.

விதிக்குள் அடங்காதவையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தேவாலயத்தில் பாடும் குழுவுக்குக் 'க்வையர்'. முன்பு ஆங்கிலத்தில் அது 'க்யூ' எழுத்தில்தான் தொடங்கியது. 1600-களில் லத்தீனைப் பார்த்து எழுத்தை மாற்றினார்கள், வாய் மட்டும் பழையபடியே சொன்னது. இதை அப்படியே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சர்ச்சுக்கு வேர் கிரேக்கம், ஆனாலும் 'க்' இல்லை. ரொம்பப் பழைய காலத்திலேயே உள்ளூர்க்காரனாக மாறிவிட்டது. அப்புறம் நம் ஊர்க்காரன் ஒருவன். திண்டுக்கல்லுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சுருட்டு. அதுதான் ஆங்கிலத்தில் 'ஷெரூட்'. தமிழ்ச் சொல்தான், ஆனாலும் ஷாம்பெயினைப் போல 'ஷ' போட்டுக்கொண்டு அகராதியில் உட்கார்ந்திருக்கிறது.

இன்றைக்கு ராத்திரி ஒன்று செய்யுங்கள். அவளுடைய கெமிஸ்ட்ரி, பயாலஜி புத்தகங்களின் கடைசியில் இருக்கும் கலைச்சொல் பட்டியலை எடுத்து, இந்த எழுத்தில் தொடங்குபவற்றை அவளே சத்தமாக வாசிக்கட்டும். செயின், சேஞ்ச் மாதிரி ஏற்கெனவே தெரிந்த சொற்களைத் தவிர மற்றதையெல்லாம் 'க்' என்று வாசிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் போனில் அகராதியைத் திறந்து ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டினால் சொல்லிக் கொடுக்கும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே வாசியுங்கள். தப்பாக வாசித்தால், இது எந்த ஸ்டாண்டில் இறங்கியது என்று மட்டும் கேளுங்கள். திருத்திக்கொள்ள அவளுக்கு ஒரு நிமிஷம் கொடுங்கள். அந்த ஒரு நிமிஷம்தான் எனக்குப் பதினொன்றாம் வகுப்பில் கிடைக்கவில்லை.