மூளை மாத்திரை வாங்குவதற்கு முன்னால் காதைப் பாருங்கள்

கேள்வி: ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து, மலேசியாவில் கெடா மாநிலத்துப் பாடாங் செராய் பக்கம் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், இருக்கிறோம். என் மாமியாருக்கு 71 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், பள்ளிக்கூடம் போனதில்லை. ஒரு வருஷமாக மறதி. சொன்னதையே மறுபடி கேட்கிறார், போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆள்களோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டார். பத்து வருஷமாக இனிப்பு நீருக்கு (சர்க்கரை வியாதிக்கு) மாத்திரை சாப்பிடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா மூளைக்கு நல்லது என்று ஒரு மாத்திரை விற்கிறார், டப்பா 180 வெள்ளி (ரிங்கிட்). வாங்கலாமா? குறுக்கெழுத்துப் போட்டால் மூளை கெடாது என்கிறார்கள், எழுத்தே தெரியாதவர் என்ன செய்வது? என் வீட்டுக்காரருக்கு 46, அவருக்கும் இது வருமா?
- ஒரு மருமகள்

பதில்: தங்கச்சி, அந்த 180 வெள்ளியை அப்படியே வையுங்கள். டப்பாவில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஞாபக சக்திக்கென்று விற்கிற மாத்திரைகளில் பெயர் பெற்றது கிங்கோ, ஒரு மரத்தின் இலைச் சாற்றில் செய்வது. அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,000-க்கும் அதிகமானவர்களில் பாதிப் பேருக்கு அதையும் மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையையும் கொடுத்து ஆறு வருஷம் போலப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் மறதி நோய் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்திருந்தது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு கிங்கோ இரத்தக் கசிவையும் கூட்டலாம். வல்லாரை, நம் ஊர் பெகாகா, அதைப் பற்றியும் கேட்பீர்கள். தாராளமாகத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், கீரை என்ற கணக்கில்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது மறதி இல்லை, 'ஆள்களோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டார்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். என் அம்மாவும் இப்படித்தான் இருந்தார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார், ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வார், கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து சும்மா சிரித்துக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு மூளை மங்கிவிட்டது என்று நாங்கள் நான்கு பிள்ளைகளும் முடிவே கட்டிவிட்டோம். கிளினிக்கில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர் இரண்டு காதிலிருந்தும் கருப்பட்டித் துண்டு மாதிரி அழுக்கை எடுத்தார், அதற்கு அப்புறம் ஒரு காதுக்குக் கருவியும் வைத்தோம். வீட்டுக்கு வந்த மறுநாளே, இத்தனை நாள் என்னைப் பற்றி என்னென்னடா பேசினீர்கள் என்று எங்களை ஒரு பிடி பிடித்தார்.

எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக முடியும் என்று சொல்ல வரவில்லை. காதில் விழாத பேச்சு நினைவில் தங்காது, அவ்வளவுதான். சரியாகக் கேட்காதவர் நாளடைவில் பேச்சையும் விட்டுவிடுகிறார், பேச ஆள் இல்லாத மூளைக்கு வேலையும் குறைந்துபோகிறது. லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 2024-ல் சொன்னது இது: நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் உலகத்தில் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். அந்தப் பதினான்கில் பெரிய பங்கு இரண்டுக்கு, ஒன்று காது கேளாமை, இன்னொன்று கெட்ட கொழுப்பு. கண் பார்வைக் குறைவையும் அந்த வருஷம்தான் பட்டியலில் சேர்த்தார்கள், ஆகையால் அத்தைக்குக் கண்ணில் புரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இன்றைக்கே வீட்டில் ஒன்று செய்யுங்கள். டிவியை நிறுத்திவிட்டு, அவருக்குப் பின்னால் ஒரு கை நீளம் தள்ளி, உங்கள் வாய் தெரியாதபடி நின்றுகொண்டு, ஒரு காதை அவரே விரலால் அடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மூன்று எண்களை இரகசியம் பேசுகிற குரலில் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் அடுத்த காதுக்கு வேறு மூன்று எண்கள். தடுமாறினால் காதில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

எப்படியும் அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிப் போகத்தான் வேண்டும், ஒரு வருஷ மறதியை வயசாகிவிட்டது என்று விட முடியாது. நம் கெடாவில் வெள்ளியும் சனியும் லீவு, ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். அவர் சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும், கடையில் வாங்கிய சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தூக்கம் வரவழைக்கிற பழைய சளி, அரிப்பு மாத்திரைகள் வயதானவர்களைக் குழப்பிவிடும். இனிப்பு நீருக்கு அவர் சாப்பிடுவது மெட்ஃபார்மினாக இருந்தால், பல வருஷம் சாப்பிட்டதில் உடம்பில் வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம், அந்தக் குறையே மறதியைக் கொண்டுவரும். வேறு சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆள் திருதிருவென்று விழிப்பார். தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சைக் குறைத்ததற்குப் பின்னால் மனச்சோர்வும் இருக்கலாம், மாமனார் காலமாகி எவ்வளவு நாள் என்று நீங்கள் எழுதவில்லை, அல்லது இருக்கிறாரோ என்னவோ. இவையெல்லாம் கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியவை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன். ஒரே நாளில், இரண்டு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கிளினிக்கில் ஞாபகத்தைச் சோதிக்கக் கேள்வி கேட்பார்கள். அவர் பள்ளிக்கூடம் போகவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், தமிழில் கேட்கும்படியும் சொல்லுங்கள். இன்றைக்குத் தேதி என்ன என்றால் பதில் வராது, இது என்ன மாதம் என்று தமிழ் மாதத்தைக் கேட்டால் 'ஆடி, இன்னும் கூழ் ஊத்தலை' என்பார். பிரதமர் யார் என்று கேட்டுத் தப்பாகச் சொன்னாலும் நான் அதைப் பெரிதாக எடுக்க மாட்டேன், 2018 முதல் 2022 வரை ஐந்து பேரைப் பார்த்த நாடு இது.

குறுக்கெழுத்துக்கு வருவோம். படிப்பு குறைவு என்பதும் அந்தப் பதினான்கில் ஒன்றுதான், மறைக்கவில்லை. ஆனால் விடிவதற்கு முன்னால் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நின்று, தலைவிளக்கு வெளிச்சத்தில் எந்த நிரையில் எந்த மரம் பட்டை கெட்டது, பால் பிடிக்கிற எந்த மங்கு உடைந்தது என்று எழுதி வைக்காமல் மனசிலேயே வைத்திருந்தவர் அவர். மூளைக்கு வேலை என்பது எழுத்து மட்டும் இல்லை. புதிதாக, கொஞ்சம் கஷ்டமாக, அடுத்தவரோடு சேர்ந்து செய்கிற எதுவும் வேலைதான். பல்லாங்குழி ஆடட்டும், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) காய்கறி பேரம் பேசி மீதிச் சில்லறையை அவரே எண்ணி வாங்கட்டும், பேத்திக்குக் கோலம் சொல்லித் தரட்டும். அதைவிட முக்கியம் நடை. இத்தனை வருஷம் தோளில் பால் வாளிக் காண்டா தூக்கிய உடம்பை இப்போது நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம், அது உட்கார்ந்ததிலிருந்து ஆரம்பித்த கதைதான் பாதி. வாரத்துக்கு 150 நிமிஷம், மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி, கோயில் வரை போய் வந்தாலே கணக்குச் சரியாகிவிடும். டின் பால் தே தண்ணீரை நாளைக்கு ஒன்றாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்தினால் உங்களோடு சண்டை வரும், அதுவும் மூளைக்கு வேலைதான், இருந்தாலும் வேண்டாம்.

அடுப்பு விஷயத்தில் அவரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. டாக்டர் பார்த்து முடிக்கிற வரை பால் காய்ச்சுகிற வேலையை யாராவது பக்கத்தில் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். சமையலை விட்டே விலக்கிவிடாதீர்கள், வெங்காயம் உரிக்கவாவது கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு வருமா என்றால், அம்மாவுக்கு வந்தால் மகனுக்கு வந்தே தீரும் என்று இல்லை, ஆனால் அவர் வயதுதான் கவனிக்க வேண்டிய வயது. நாற்பதுகளில் ஏறுகிற இரத்த அழுத்தம் இருபது முப்பது வருஷம் கழித்து மூளையில் வந்து நிற்கும். தலை சுற்றினால்தான் பிரஷர் மாத்திரை போடுவேன் என்கிற ஆள்களை எனக்கு நிறையத் தெரியும், அவரும் அந்த ரகமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் அதே ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் பார்த்துவிடுங்கள். சிகரெட் இருந்தால் அது போகட்டும். அப்புறம் மோட்டார் ஓட்டுகிறாரா? தலையில் அடி படுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஹெல்மெட் போடுகிறார் என்பீர்கள், தாடைக்குக் கீழே வார் மாட்டுகிறாரா என்று பாருங்கள், நம் ஊரில் பாதிப் பேர் அதைக் காதோரம் ஆடவிட்டுத்தான் போகிறார்கள்.