முப்பது பேட்டிகளை யார் படிப்பது?

வணக்கம் சார்,

எம்பிஏ முடித்துவிட்டு சென்னையில் ஒரு மேலாண்மை ஆலோசனை நிறுவனத்தில் அனலிஸ்டாகச் சேர்ந்து பதினோரு மாதங்கள் ஆகின்றன. தரவு திரட்டுவது, பேட்டிகளைத் தொகுப்பது, ஸ்லைடு போடுவது இவைதான் என் வேலை. இப்போது அதில் பெரும்பகுதியை ஏஐ கருவியே செய்துவிடுகிறது. நான்கு நாள் வேலை அரை நாளில் முடிகிறது. மேலாளருக்கு மகிழ்ச்சி, எனக்குப் பயம். அடுத்த ஆண்டு என் இடத்துக்கு ஆள் தேவைப்படுமா? நான் எதைக் கற்றுக்கொள்வது? கருவியைப் பயன்படுத்தியதை கிளையன்டிடம் சொல்ல வேண்டுமா என்பதிலும் எங்கள் குழுவுக்குள் ஒத்த கருத்து இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.ஆர்., சென்னை

அன்புள்ள எஸ்.ஆர்.,

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதலில் ஒன்றைக் கவனியுங்கள். நான்கு நாள் வேலை அரை நாளில் முடிந்தது என்றால் மிச்சமான மூன்றரை நாள் எங்கே போனது? அதில் ஒரு நாளாவது சரிபார்ப்புக்குப் போயிருந்தால் உங்கள் குழு சரியாக வேலை செய்கிறது. முழுவதும் அடுத்த ப்ராஜெக்டுக்குப் போயிருந்தால், யாரும் படிக்காத ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள்.

இந்தத் தொழிலின் அமைப்பு ஒரு பிரமிடு. மேலே பார்ட்னர் (நிறுவனத்தின் பங்குதாரர்), நடுவில் மேலாளர், கீழே உங்களைப் போல இரண்டு முதல் நான்கு பேர். இத்தனை ஆள், இத்தனை வாரம் என்பதே கட்டணத்தின் அடிப்படை. இளையவர்கள் தரவைத் திரட்டினார்கள். திரட்டும்போதே எந்த எண் இடிக்கிறது, எந்த ஆள் மழுப்புகிறார் என்று பழகினார்கள். எட்டு பத்து ஆண்டுகளில் அதுதான் பார்ட்னரின் தீர்ப்பாக முதிர்ந்தது. திரட்டும் வேலையைக் கருவி எடுத்துக்கொள்ளும்போது அந்தப் பழக்கமும் கூடவே போகிறது. எனக்குக் கவலை தருவது இதுதான், ஆட்குறைப்பு அதற்கு அடுத்தபடிதான்.

மாற்றம் வந்துவிட்டதில் சந்தேகம் இல்லை. பெரிய ஆலோசனை நிறுவனமான மெக்கின்சி 2023இல் 'லில்லி' என்ற உள்கருவியைக் கொண்டுவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தன் பழைய ஆவணங்களையும் பேட்டிகளையும் அதில் தேடும்படி செய்தது. 1945இல் அந்நிறுவனம் தொழில்முறைப் பணிக்கு எடுத்த முதல் பெண் லிலியன் டோம்ப்ரோவ்ஸ்கியின் நினைவாக வைத்த பெயர் அது. இன்னொரு பெரிய நிறுவனமான பிடபிள்யூசி 2024 மே மாதம் ஓப்பன்ஏஐயுடன் ஒப்பந்தம் செய்து, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருக்கும் தன் ஊழியர்கள் சுமார் ஒரு லட்சம் பேருக்கு சாட்ஜிபிடியின் நிறுவனப் பதிப்பைக் கொடுப்பதாக அறிவித்தது. "பழைய ப்ராஜெக்டில் இதேபோல் என்ன செய்தோம்?" என்று நாலு பேருக்கு மெயில் போட்டுக் காத்திருந்த காலம் முடிந்துவிட்டது. அது நல்லதுதான்.

கருவி எங்கே உதவுகிறது, எங்கே கவிழ்க்கிறது என்பதற்கு ஹார்வர்டு ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து 2023இல் பிசிஜி (பாஸ்டன் கன்சல்டிங் குரூப்) என்ற ஆலோசனை நிறுவனத்தின் 758 ஆலோசகர்களை வைத்துச் செய்த சோதனையை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. கருவிக்கு எட்டும் வேலைகளில், அதைப் பயன்படுத்தியவர்கள் 12 சதவீதம் கூடுதல் வேலையை, 25 சதவீதம் வேகமாக, 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் தரத்தில் செய்தார்கள். பிறகு வேறொரு கேள்வி. ஒரு துணிக்கடை நிறுவனத்தின் பிராண்டுகளில் எதில் முதலீடு செய்வது? எக்செல் தாளும் பேட்டிக் குறிப்புகளும் கொடுக்கப்பட்டன. தாளை மட்டும் பார்த்தால் ஒரு விடை வரும். பேட்டிகளைக் கூர்ந்து படித்தால்தான் சரியான விடை வரும். கருவி இல்லாதவர்களில் சுமார் 84 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். கருவி வைத்திருந்தவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். அதைவிட முக்கியமானது, தவறான விடை எழுதியவர்களின் பரிந்துரையும் கருவியின் துணையால் நன்றாக எழுதப்பட்டதாக மதிப்பெண் வாங்கியது. மேலாளர் மேலோட்டமாகப் பார்த்தால் தவறு கண்ணில் படாது.

அதனால் உங்கள் வேலையிலேயே பேட்டியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். முப்பது விநியோகஸ்தர் பேட்டிகளைக் கருவியிடம் கொடுத்துச் சுருக்கம் கேட்டால் சராசரி கிடைக்கும். இருபத்தேழு பேர் விலையைப் பற்றிப் பேசியிருப்பார்கள், மூன்று பேர் மட்டும் போட்டி நிறுவனம் கடன் தவணையை நீட்டியதைச் சொல்லியிருப்பார்கள். கிளையன்டுக்குத் தேவை அந்த மூன்று பேர் சொன்னதாக இருக்கலாம். சுருக்கத்தில் அது கடைசி வரியாகும், அல்லது காணாமல் போகும். "பெரும்பாலானோர்", "12 பேர்" என்று கருவி தரும் கணக்கை நம்பவே கூடாது. எந்தப் பன்னிரண்டு பேர் என்று கேட்டு, பேட்டி எண்ணோடு பட்டியல் வாங்கி, ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும்.

தமிழ்ப் பேட்டியாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஒலிப்பதிவைக் கருவி எழுத்தாக்கி, ஆங்கிலமாக்கி, பிறகு சுருக்குகிறது. மூன்று இடத்திலும் சேதாரம் உண்டு. "ஒண்ணே முக்கால் லட்சம்" என்பதில் முக்கால் உதிர்ந்துபோகலாம். "சரக்கு நிக்குதுங்க" என்றால் விற்காமல் தேங்கிக் கிடக்கிறது என்று பொருள். கையிருப்பு இருக்கிறது என்று ஆங்கிலத்தில் வந்தால் முடிவே தலைகீழாகும். கடைக்காரர் "பார்க்கலாங்க" என்று இழுப்பது பெரும்பாலும் மறுப்பு. கருவி அதைச் சம்மதத்தின் பக்கம் சேர்க்கக்கூடும். நீங்கள் தமிழ் தெரிந்த அனலிஸ்ட், உங்களுக்கு இது கேட்ட மாத்திரத்தில் புரியும்.

நான் சொல்லும் முறை இது. சுருக்கத்தைத் திறப்பதற்கு முன்பே முப்பதில் ஐந்தாறு பேட்டிகளை முழுவதுமாகப் படியுங்கள். பெரிய விநியோகஸ்தர் ஒருவர், சிறியவர் ஒருவர், விலகிப்போனவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். படித்து முடித்ததும் உங்களுக்குத் தோன்றுவதை அரைப் பக்கம் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகுதான் கருவியின் சுருக்கம். இரண்டும் எங்கே முரண்படுகிறதோ அங்கே மறுபடி ஒலிப்பதிவுக்குப் போங்கள். வரிசையை மாற்றினால் பயன் இல்லை. சுருக்கத்தை முதலில் படித்த கண்ணுக்கு மூலத்திலும் சுருக்கம்தான் தெரியும்.

எண்களில் வரும் பிழைகள் சில வகைக்குள் அடங்கிவிடும். கோடியும் மில்லியனும் கலப்பது (ஒரு கோடி பத்து மில்லியன், பத்து மடங்குப் பிழை இங்கேதான் பிறக்கிறது). ஏப்ரல்-மார்ச் நிதியாண்டு எண்ணை ஜனவரி-டிசம்பர் எண்ணோடு ஒப்பிடுவது. ஜிஎஸ்டி சேர்த்த விற்பனையையும் சேர்க்காததையும் ஒரே நெடுவரிசையில் வைப்பது. காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துச் சராசரியைக் குறைப்பது. இரண்டு தாள்களை இணைக்கும்போது ஒரு டீலர் குறியீடு இருமுறை இருந்தால் அவர் விற்பனை இரட்டிப்பாகும். இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் ஒப்பிட்டால் அங்கேயே பிடித்துவிடலாம். ஸ்லைடில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் ஆவணம், பக்கம், தேதி எழுதிய ஒரு தனித் தாள் வைத்திருங்கள். பக்க எண் எழுத முடியாத எண் ஸ்லைடில் இருக்கக் கூடாது.

மேற்கோளும் அப்படித்தான். ஆஸ்திரேலிய அரசின் வேலைவாய்ப்புத் துறைக்கு டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனம் தயாரித்த அறிக்கை 2025 ஜூலையில் வெளியானது. ஒப்பந்தத் தொகை ஏறத்தாழ 4,40,000 ஆஸ்திரேலிய டாலர். உண்மையில் நடக்காத ஆய்வுகளை அதில் மேற்கோள் காட்டியிருந்ததையும், ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் இல்லாத வரிகளைத் தீர்ப்பின் வாசகமாகக் கொடுத்திருந்ததையும் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தார். அக்டோபரில் திருத்திய பதிப்பு வந்தது. ஜிபிடி-4ஓ என்ற ஏஐ மாதிரியைப் பயன்படுத்தியது அதில்தான் குறிப்பிடப்பட்டது. கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. பரிந்துரைகள் மாறவில்லை என்று துறை சொன்னது. இருக்கலாம். ஆனால் அடிக்குறிப்பு பொய் என்று தெரிந்த பிறகு பரிந்துரையை யார் நம்பிப் படிப்பார்கள்? அந்த வரியைத் தீர்ப்பின் கோப்பில் அப்படியே தேடிப் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

ஆட்கள் விஷயம். பிரமிடின் அடி மெலியும் என்றே நினைக்கிறேன். நேரத்துக்குக் கட்டணம் என்பதும் ஆட்டம் காணும். பத்து வார வேலை ஆறு வாரத்தில் முடியுமென்று தெரிந்த கிளையன்ட் பத்து வாரத்துக்குப் பணம் தரமாட்டார். மொத்தத் தொகையாகவோ விளைவைப் பொறுத்தோ பேசுவார். அந்தப் பேரத்தில் முதலில் வெட்டுப்படுவது சரிபார்ப்பு நேரம். கட்டண மதிப்பீட்டில் அதற்கென்று தனி வரி எழுதச் சொல்லி உங்கள் மேலாளரிடம் வற்புறுத்துங்கள். இளையவர் கேட்டால் எடுபடாது என்று விட்டுவிடாதீர்கள், டெலாய்ட் விவகாரத்துக்குப் பிறகு இதற்குக் காது கொடுப்பார்கள். கற்பதற்கு நிரலெழுதும் திறமையைவிட முக்கியமாக ஒரு துறையைச் சொல்வேன். சிமென்டோ மருந்து விநியோகமோ, ஒன்றை எடுத்து அதன் கணக்கு எப்படி நடக்கிறது என்று கடைவரை போய்த் தெரிந்துகொள்ளுங்கள். எண் தவறு என்று உணர வேண்டுமானால் சரியான எண் எந்த அளவில் இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கிளையன்டிடம் சொல்ல வேண்டுமா என்றால், கட்டாயம் சொல்ல வேண்டும், அதுவும் வேலை தொடங்குவதற்கு முன்பே. எந்தக் கருவி, எந்தக் கட்டத்தில், அவர்களுடைய தரவு எங்கே சேமிக்கப்படும், அது ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்கப் பயன்படுமா, முடிவை யார் படித்துச் சரிபார்க்கிறார்கள் என்ற ஐந்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் உள்ள இலவசக் கருவியில் கிளையன்டின் ஒரு தாளைக்கூட ஏற்றாதீர்கள், பெயரை அழித்துவிட்டு ஏற்றினாலும் கூடாது. மூன்றே பெரிய நிறுவனங்கள் உள்ள ஒரு சந்தையில் விற்பனைத் தொகையைப் பார்த்தாலே அது யாருடைய தாள் என்று தெரிந்துவிடும்.