கடலில் ஜி.பி.எஸ்.: கேள்வி பதில்

கேள்வி: யு.எஸ்.பி. ஜி.பி.எஸ். ரிசீவரை ஓ.டி.ஜி. கேபிளில் போனோடு இணைத்தேன். மேப்பில் படகு நகரவில்லை. குறித்து வைத்த இடமும் தள்ளிக் காட்டுகிறது. - வாசகர், காசிமேடு

பதில்: முதலில் ரிசீவர் ஆப்பில் பாட் ரேட்டை (ரிசீவர் தகவல் அனுப்பும் வேகம்) பாருங்கள். பெரும்பாலும் 4800 அல்லது 9600 இருக்கும். தவறென்றால் குப்பை எழுத்துகள் ஓடும். சரியென்றால் வரிகள் டாலர் குறியில் தொடங்கும். ஆண்ட்ராய்டு டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அந்த ஆப்பை 'மாக் லொகேஷன்' ஆப்பாகத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மேப்புக்குத் தகவல் போகாது. முதல்முறை திறந்த வானத்தடியில் கால் மணி நேரம் வையுங்கள். செயற்கைக்கோள் பட்டியல் முழுதாக இறங்கவே 12.5 நிமிடம் ஆகும். தகரக் கூரைக்கடியில் வேண்டவே வேண்டாம்.

இடம் தள்ளிக் காட்டுவது பெரும்பாலும் எண்ணை எழுதும் முறையால்தான். அட்சரேகை 13 டிகிரி 7.5 நிமிடம் (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்) என்றால் 13.125 டிகிரி. அதையே 13.075 என்று போட்டால் புள்ளி 3 கடல் மைல் தெற்கே போய்விடும். இருட்டில் துறைமுக வாயைத் தேடும்போது இது உயிர்ப் பிரச்சினை. டேட்டம் (இடங்களை அளக்க மேப் வைத்திருக்கும் அடிப்படை) டபிள்யூ.ஜி.எஸ். 84 ஆகவே இருக்கட்டும்.