ஜிம்முக்கு வராதவர்கள்

அன்புள்ள அக்கா,

எலும்பு அடர்த்தி குறைவதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். வீட்டுக்கே வந்து உங்களுக்குப் பயிற்சி தரும் ஒரு பெண்ணைப் பற்றி அதில் சொல்லியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

எனக்கு 26 வயது. உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். முடித்திருக்கிறேன். காலேஜில் பளுதூக்கும் அணியில் இருந்தேன். இப்போது கோவையில் ஒரு ஜிம்மில் லேடீஸ் பேட்ச் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் 14,000 ரூபாய். அங்கேயே பர்சனல் டிரெயினிங் எடுத்தால் வருகிற பணத்தில் பாதி ஓனருக்கு. தனியாகச் செய்யலாம் என்றால் கிளையன்ட் எங்கிருந்து வருவார்கள் என்று தெரியவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள், ‘ரீல்ஸ் போடு, உடம்பை இன்னும் ஏற்று, தானாக வருவார்கள்’ என்கிறார்கள். அம்மாவோ, ‘பேசாமல் பி.டி. டீச்சர் வேலைக்குப் போ, அடுத்தவர் வீட்டுக்குப் போய் இதெல்லாம் எதற்கு’ என்கிறார். பேட்சுக்கு வரும் இரண்டு ஆன்ட்டிகள், ‘நீ வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடு, நாங்கள் ஜிம்மை விட்டுவிடுகிறோம்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போகலாமா? எங்கே தொடங்குவது?

அன்புடன்,
ச., கோவை
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள ச.,

கிளையன்ட் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்கிறீர்கள். ஜிம்முக்கு வராதவர்களிடமிருந்து வருவார்கள் என்பது என் பதில்.

நான் டிரெயினர் இல்லை. காசு கொடுத்துப் பயிற்சி எடுத்துக்கொள்பவள். அந்தப் பக்கத்திலிருந்து தெரிவதைச் சொல்கிறேன். கிளையன்ட் என்றதும் உங்கள் நண்பர்களின் மனதில் வருவது ஏற்கெனவே ஜிம்முக்குள் நிற்கிற ஆள். கை பெருக்க வேண்டும், கல்யாணத்துக்குள் தொப்பை குறைய வேண்டும். அந்த ஒருவரைப் பிடிக்க ஒவ்வொரு ஜிம்மிலும் நாலு பேர் காத்திருக்கிறார்கள். அவரும் உடம்பைப் பார்த்து, ரீல்ஸ் பார்த்துத்தான் டிரெயினரைத் தேர்ந்தெடுப்பார். காரியம் முடிந்ததும் நின்றுவிடுவார். அவருக்காக நீங்கள் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இன்னொரு பெரிய கூட்டம் வெளியே இருக்கிறது. முட்டி வலியோடு மாடிப்படி ஏறும் ஆசிரியை. குழந்தை பெற்று ஆறு மாதமாகியும் முதுகு நிமிராத பெண். சர்க்கரை வந்து, டாக்டர் ‘எக்சர்சைஸ் பண்ணுங்க’ என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிய குடும்பத் தலைவி. எந்தப் பயிற்சி, எத்தனை தடவை, எதைச் செய்யக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. சத்தமான பாட்டும் சுற்றிலும் கண்ணாடியும் உள்ள இடத்துக்கு அவர் வரவும் மாட்டார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் நிற்கிறார்கள் என்று கணக்கிட்டது. இவர்களுக்குத் துணையாக நிற்கத் தெரிந்த டிரெயினர்கள் எத்தனை பேர்? இதை யோசித்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உங்கள் ஊர் ரேஸ் கோர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் எத்தனை பேர் நடக்கிறார்கள்! பழக்கம் வந்துவிட்டது, ஷூ வாங்கியாகிவிட்டது, நேரமும் ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் பாதி வேலைதான் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு, குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று இருக்கிறது. 65 வயதுக்கு மேல் சமநிலைப் பயிற்சியும் சேர்த்து வாரம் மூன்று நாள். நடப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டாவது பாதி தெரியாது. பளுதூக்கிய பெண் நீங்கள். அவர்களிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிறது.

என் டிரெயினர் முதல் நாள் வந்தபோது டம்பெல் எதுவும் கொண்டுவரவில்லை. என் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டைகளையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியைச் சுவரோரம் போடச் சொன்னார். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று பார்த்தார். அவர் பார்வை என் முகத்தில் இல்லை, குதிகாலில் இருந்தது. எழும்போது வலது குதிகால் தரையை விட்டுக் கிளம்புகிறது, இடது முட்டி உள்ளே சாய்கிறது என்றார். எனக்கே தெரியாத விஷயம் அது. ‘வீட்டில் எந்த வேலையைச் செய்ய முடியாமல் போயிருக்கிறது?’ என்று கேட்டார். 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்க்க முடியவில்லை, வாட்ச்மேனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்றேன். ‘சரி, அதையே வைத்துக்கொள்வோம்’ என்றார். எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது அடுத்த மாதப் பணத்தையும் சேர்த்துக் கொடுக்கத் தயாராக இருந்தேன். கேனைத் தூக்கிய அன்றைக்கு எதிர்வீட்டு அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் அவரும் சேர்ந்தார். அவர் மூலம் அவருடைய நாத்தனார்.

இந்தத் தொழிலில் ஆள் பிடிப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அதனால் உங்கள் முதல் மூன்று பேரைப் பற்றி மட்டும் இப்போது யோசியுங்கள்.

அந்த மூன்று பேருக்கு முன்னால் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும். மருத்துவருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் சட்டப்பூர்வமான பதிவு கிடையாது. யார் வேண்டுமானாலும் டிரெயினர் என்று சொல்லிக்கொள்ளலாம். அதனாலேயே படித்தவர் தனித்துத் தெரிவார். பி.பி.எட். நல்ல அடித்தளம். ஏஸ் (ACE), நாஸ்ம் (NASM) போன்ற அமெரிக்கச் சான்றிதழ்களை ஜிம்கள் மதிக்கின்றன. ஆனால் செலவு கணிசமானது, சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு எழுதிக்கொள்ளலாம். உடனே செய்ய வேண்டியது முதலுதவிப் பயிற்சி. இதயத் துடிப்பு நின்றவருக்குச் செய்யும் சிபிஆர் கற்றுக்கொள்ளுங்கள்: நெஞ்சைக் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துவது, 108ஐ அழைக்க இன்னொருவரை ஏவுவது. பொம்மையில் கை வைத்துப் பழகாமல், வீடியோ பார்த்து வருகிற வித்தை இல்லை அது.

நோய்களைப் பற்றியும் படியுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் சாப்பிடாமல் பயிற்சி செய்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கலாம். உங்கள் பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்க வேண்டும். வியர்த்துக் கை நடுங்கினால் அது களைப்புதானா என்று சந்தேகப்படத் தெரிய வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்கினால் அழுத்தம் எகிறும். பளுதூக்குபவருக்கு மூச்சைப் பிடிப்பது பழக்கம் என்பதால், இதில் நீங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிரசவமான பெண்ணுக்கு வயிற்றுத் தசை நடுவில் விலகியிருக்கிறதா என்று பார்க்காமல் சிட்-அப் கொடுக்காதீர்கள். நெஞ்சு வலி, மயக்கம், மூட்டுப் பிரச்சினை, மாத்திரைகள் பற்றிய ஒரு பக்கக் கேள்வித்தாளை முதல் நாளே நிரப்பி வாங்குங்கள். ஒன்றுக்கு ‘ஆம்’ என்று வந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்று சொல்லுங்கள். ஆள் கைநழுவிப் போவார் என்று பயப்பட வேண்டாம். இப்படிக் கேட்கிற டிரெயினரைத்தான் குடும்பங்கள் நம்பும்.

ஆட்களைத் தேடிப் போக எனக்குத் தெரிந்த நல்ல வழி பிசியோதெரபிஸ்ட். தோள்பட்டைக்கோ முட்டிக்கோ சில வாரம் சிகிச்சை எடுப்பார்கள், வலி குறையும், ‘இனி வீட்டில் செய்யுங்கள்’ என்று அனுப்புவார்கள். வீட்டில் யாரும் செய்வதில்லை. அந்த இடைவெளியில்தான் நீங்கள் வர வேண்டும். உங்கள் பகுதியில் உள்ள இரண்டு மூன்று கிளினிக்குகளுக்குக் கூட்டமில்லாத மதிய நேரத்தில் போய்ப் பாருங்கள். வலிக்கு வைத்தியம் பார்க்க மாட்டேன், வலி திரும்பினால் உங்களிடமே அனுப்புவேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள். கமிஷன் பேச்சு மட்டும் வேண்டாம்.

இன்னொரு வழி அபார்ட்மென்ட். சங்கச் செயலாளரிடம் கேட்டு, ஒரு ஞாயிறு காலை பொது ஹாலில் 45 நிமிட இலவச வகுப்பு நடத்துங்கள். அந்த நாற்காலிச் சோதனை ஒன்றே போதும், எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்து பார்ப்பார்கள். நாலு பேர் முன்னால் யாரையும் எடைமிஷினில் ஏற்றாதீர்கள். ஒருவரை அங்கே கூச வைத்தால் அந்த பிளாக்கே உங்களிடம் வராது. ரேஸ் கோர்ஸில் நடப்பவர்களை வழிமறித்து நோட்டீஸ் கொடுப்பதும் வேண்டாம். அவர்களில் தெரிந்த ஒருவர் மூலமாகப் போங்கள்.

பணம். ஒரு வகுப்புக்கு 500 ரூபாய், மாதம் 12 வகுப்பு, 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் சேர்ந்தால் 48,000. வாரத்துக்கு 24 வகுப்பு, அதாவது ஆறு நாள், நாளுக்கு நாலு. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் வேண்டியது காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரைதான். வடவள்ளியில் ஒருவர், பீளமேட்டில் ஒருவர் என்று எடுத்தால் பாதிக் காலை ஸ்கூட்டியிலேயே போய்விடும். மூன்று கிலோமீட்டருக்குள் எடுங்கள். ஒரே அபார்ட்மென்ட்டில் இரண்டு பேர் கிடைத்தால் மற்றவர்களைவிட அவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். பணத்தை மாத ஆரம்பத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். வரவில்லை என்றால் முதல் நாள் இரவு பத்து மணிக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த வகுப்பு கணக்கில் போகும் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். தெரிந்தவர்களிடம் இதைச் சொல்ல நாக்கு கூசும், ஆனால் சொல்லாமல் விட்டால் பின்னால் மனக்கசப்பில் முடியும். பள்ளி விடுமுறை விட்டதும் மே மாதத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், தீபாவளியை ஒட்டியும் அப்படித்தான். அந்த மாதங்களுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.

பொருள் வாங்கக் கடன் வாங்காதீர்கள். இழுத்துப் பயிற்சி செய்கிற ரப்பர் பேண்ட் இரண்டு மூன்று, இரண்டு ஜோடி டம்பெல், ஒரு மேட் போதும். மீதிக்கு வீட்டில் நாற்காலி இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது, தண்ணீர் கேன் இருக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புரோட்டீன் பவுடர், கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை இவற்றை விற்றால் கமிஷன் தருகிறோம் என்று ஆட்கள் வருவார்கள். ஒரு டப்பாவில் கிடைப்பது நாலு வகுப்புக் காசாகக்கூட இருக்கலாம். தொடாதீர்கள். உங்களிடம் வருபவர்களில் சிறுநீரகம் பழுதானவர் இருப்பார், அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். என் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு அவன் போன ஜிம்மில் பவுடரில் ஆரம்பித்து ஊசி வரை கொண்டுபோனார்கள். அவன் முகம் வீங்கிப்போய் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் தட்டில் சோறு கொஞ்சம் குறையட்டும், பருப்பும் சுண்டலும் முட்டையும் கூடட்டும் என்கிற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். நோயாளிக்கு டயட் சார்ட் போடுவது உணவியல் நிபுணரின் வேலை.

ரீல்ஸ் போடலாம், தப்பில்லை. ஆனால் என் வயதுக்காரர்கள் அதைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். போட்டால் குனிந்து கேனைத் தூக்குவது எப்படி, தரையில் உட்கார்ந்து எழுவது எப்படி என்று போடுங்கள். கிளையன்ட்டின் ‘முன்பு, பின்பு’ படங்களைக் கேட்காதீர்கள். உங்கள் உடம்பையும் யாருக்காகவும் ஏற்ற வேண்டியதில்லை.

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. முன்பின் தெரியாத வீட்டுக்கு மகளை அனுப்ப யாருக்கும் மனம் வராது. பெண்களுக்கு மட்டும் என்று ஆரம்பியுங்கள். முதல் சந்திப்பு பகலில், வீட்டில் இன்னொருவரும் இருக்கும்போது. முகவரியும் நேரமும் அம்மாவிடம் இருக்கட்டும், போனில் லொகேஷன் பகிர்ந்திருக்கட்டும். ஒரு வீடு சரியில்லை என்று தோன்றினால் காரணம் சொல்லாமல் நின்றுவிடுங்கள், மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு. பி.டி. டீச்சர் வேலை மரியாதையானதுதான், அதற்கான விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள். ஆனால் ஒரு அறுபது வயதுப் பெண்ணைக் கைப்பிடியில்லாமல் படி ஏற வைப்பது அதற்குக் குறைந்த வேலை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக அந்த இரண்டு ஆன்ட்டிகள். அவர்களை ஜிம்மிலிருந்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்களுக்கு அவர்களை அறிமுகப்படுத்தியது அந்த ஓனரின் இடம், வாடகை கட்டுகிறவர் அவர். கோவை பெரிய ஊராக இருந்தாலும் ஜிம் வட்டாரம் சின்னது, பேச்சு பரவும். வேலைக்குச் சேரும்போது இதைப் பற்றி ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் ஓனரிடம் நேரில் போய்ப் பேசுங்கள்: காலையில் வெளியே வகுப்பு எடுக்கப் போகிறேன், லேடீஸ் பேட்சை மட்டும் தொடர்ந்து பார்த்துக்கொள்கிறேன், சம்பளத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று. ஒத்துக்கொண்டால் வெளியே நாலு பேர் சேரும் வரை மாதச் சம்பளம் கொஞ்சமாவது வரும். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், ஆனால் கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் சேர்ந்த பிறகு. ஆன்ட்டிகளிடம், ‘கட்டின சந்தா முடியட்டும், அப்புறமும் நான் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்’ என்று சொல்லிவையுங்கள். அதற்குள் அவர்கள் குடியிருப்பில் ஜிம்முக்கே வராத தோழிகள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். அவர்களிடம் போக யார் அனுமதியும் வேண்டாம், இந்த வாரமே போகலாம்.

அன்புடன்,
அக்கா