காதல் கிடக்கட்டும், விசாரணையைப் பாருங்கள்

வணக்கம் ஐயா,

2012இல் வந்த 'எம்பரர்' படத்தைப் போன வாரம் பார்த்தேன். ஜப்பான் பேரரசர் ஹிரோஹிட்டோ போர்க் குற்றவாளியா என்று அமெரிக்க அதிகாரி ஃபெல்லர்ஸ் பத்தே நாளில் விசாரிக்கிறார். பேரரசர் தப்பிவிடுகிறார். நடுவில் ஃபெல்லர்ஸுக்கு ஒரு ஜப்பானியப் பெண்ணோடு காதல். அது வெறும் கற்பனையாமே? அப்படியானால் மிச்சத்தை எப்படி நம்புவது?

(பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

காதலை விடுங்கள். நம்மூர்ப் படத்தில் டூயட் வருகிற மாதிரி அது. எனக்கு உறுத்துவது ஃபெல்லர்ஸைத் துப்பறிவாளர் ஆக்கியதுதான்.

படத்தில் விசாரணை முடிந்த பிறகே பேரரசர், ஜப்பானை ஆக்கிரமித்த நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி மெக்ஆர்தரைச் சந்திக்கிறார். நிஜத்தில் அந்தச் சந்திப்பு 1945 செப்டம்பர் 27. பேரரசரைப் பற்றி ஃபெல்லர்ஸ் மெக்ஆர்தருக்கு எழுதிய குறிப்போ அக்டோபர் 2ஆம் தேதியிட்டது. பேரரசர் ஆணையிட்டதால்தான் லட்சக்கணக்கான வீரர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டார்கள், அவரைக் கூண்டில் ஏற்றினால் நாடே கொந்தளிக்கும் என்பதுதான் அதன் வாதம். இதற்குத் துப்பறிய என்ன இருக்கிறது? 1946 மார்ச்சில் முன்னாள் கடற்படை அமைச்சர் யோனாயிடம் இதே ஃபெல்லர்ஸ் பேசினார்: பேரரசர் மேல் தப்பில்லை என்று நீங்களே காட்டுங்கள், பழி போர்க்காலப் பிரதமர் டோஜோ தலையில் விழுந்தால் நல்லது என்று.

டோஜோவும் பழியை ஏற்கத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் 1947 டிசம்பர் 31 அன்று டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்தில், பேரரசரின் விருப்பத்துக்கு எதிராக எந்த ஜப்பானியனும் நடக்க மாட்டான் என்று சொல்லிவிட்டார். விசுவாசத்தில் வந்த பேச்சு. அப்படியானால் போரும் அவர் விருப்பம்தானே? தலைமை நீதிபதி வெப் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். பதறிப்போனவர் அமெரிக்க அரசு வழக்கறிஞர் கீனன். குற்றம் சாட்ட வந்தவரே டோஜோவிடம் ஆள் அனுப்பிச் சொல்லவைத்தார், 1948 ஜனவரி 6 அன்று டோஜோ பேச்சை மாற்றிக்கொண்டார். ஒரு படத்துக்கு இதைவிட நல்ல காட்சி வேண்டுமா?

'எல்லாப் பொறுப்பும் என்னுடையது' என்று பேரரசர் சொல்லும் அந்த உச்சக்காட்சி? அதற்கு ஆதாரம் மெக்ஆர்தரின் நினைவுக்குறிப்பு. அன்றைக்கு மொழிபெயர்த்த ஜப்பானியரின் பதிவு 2002இல் வெளியானது. அதில் அப்படி ஒரு பேச்சே இல்லை.

அப்புறம், டோஜோ உட்பட 7 பேர் தூக்கில் போடப்பட்டது 1948 டிசம்பர் 23. மறுநாளே, போர்க்கால அமைச்சரவையில் இருந்த கிஷி நொபுசுகே வழக்கே இல்லாமல் சுகாமோ சிறையிலிருந்து வெளியே வந்தார். 1957இல் பிரதமரும் ஆனார்.

நேரம் இருந்தால் இந்த டோக்கியோ வழக்கைப் பற்றி இயக்குநர் மசாகி கோபயாஷி எடுத்த 1983 ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கள். நீதிமன்றத்தில் அமெரிக்கர்களே எடுத்த படச்சுருள்களிலிருந்து செய்தது. நாலரை மணி நேரம் ஓடும், பிளாஸ்க்கில் டீ போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் முதல் நாளே, பின்வரிசையிலிருந்த இன்னொரு குற்றவாளிக் கூண்டுக்காரர் ஒகாவா ஷூமெய் டோஜோவின் மொட்டைத் தலையில் பட்டென்று ஒன்று போடுகிறார். கதையில் எழுதியிருந்தால் ஓவர் என்று வெட்டியிருப்பார்கள்.