டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்: புதன்கிழமையை விட்டுக்கொடுக்காதீர்கள்

தோழி, கணவரின் வேலை விசாவில் லண்டன் வந்து எட்டு மாதம் ஆகிறது, கோவையில் பி.காம். முடித்தேன் என்கிறீர்கள். அலுவலக வேலையும் பட்டமும் சேர்ந்து கிடைக்கும் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்பில் எப்படிச் சேர்வது, எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, சம்பளம் எவ்வளவு, குளிரை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி மூன்றையும் சட்டென்று முடித்துவிடுகிறேன். பல்கலைக்கழகத்தைப் பெரும்பாலும் வேலை கொடுப்பவரே முடிவு செய்துவிடுவார். சம்பளம் விளம்பரத்திலேயே இருக்கும். குளிர் பழகிவிடும்.

இப்போதைக்கு நீங்கள் சேர முடியாது. இங்கிலாந்தில் இதற்கு அரசு நிதி கிடைக்க, படிப்பு தொடங்கும் முன் மூன்று ஆண்டுகள் இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். கையில் இருப்பது படிக்க வாங்கிய விசாவாகவும் இருக்கக் கூடாது. "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், கொஞ்சம் செலவாகும்" என்று யாராவது வருவார்கள். வருகிறவர் அநேகமாக நம் ஊர்க்காரராகத்தான் இருப்பார், ஊர்ப் பாசத்தோடு பேசுவார். அப்ரண்டிஸிடம் பயிற்சிக் கட்டணமாக ஒரு பென்னிகூட வாங்கக் கூடாது என்பது விதி. காசு என்ற பேச்சு வந்ததுமே எழுந்து வந்துவிடுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பெரிய இடமாகப் பார்த்து ஏதாவது ஒரு சின்ன வேலையில் நுழைந்துவிடுங்கள்: கவுன்சில் (நம் ஊர் மாநகராட்சி மாதிரி), மருத்துவமனை, வங்கி, எதுவானாலும் சரி. காரணம் இருக்கிறது. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 2017 ஏப்ரலிலிருந்து அதில் 0.5 சதவீதத்தை அப்ரண்டிஸ்ஷிப் லெவி என்ற வரியாகக் கட்டுகின்றன. அந்தப் பணத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பயிற்சிக்குச் செலவழிக்காவிட்டால் அவர்களுக்கு அது போய்விடும். அதனால் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களையே படிக்க வைக்கிறார்கள். இளங்கலைப் பட்ட நிலையில் இதற்கு மேல் வயது வரம்பும் கிடையாது.

எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. 2012-ல் கும்பகோணத்திலிருந்து வந்தேன். சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி ஷிஃப்டில் அலமாரி அடுக்கினேன். அப்புறம் ஏஜென்சி மூலமாக ஒரு கவுன்சிலின் வீட்டுப் பழுது பிரிவில் போன் எடுக்கிற வேலை. "பாய்லர் ஓடவில்லை" என்று ஒருவர் கத்தும்போது அந்த உச்சரிப்பு பாதி புரியாமலே முகவரியை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளக் கற்றேன். 2018-ல் சார்ட்டர்ட் மேனேஜர் என்ற நிர்வாகப் பட்ட அப்ரண்டிஸ்ஷிப்புக்கு ஆள் எடுப்பதாக எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் பிரிவில் நான் மட்டும்தான் விண்ணப்பித்தேன்.

உங்கள் பி.காம். பட்டத்தை மறைக்காதீர்கள். பட்டம் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்று பயந்து மறைத்தவர்களை எனக்குத் தெரியும். புதிதாகக் கற்க வேண்டியது நிறைய இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள், ஏற்கெனவே தெரிந்ததைக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். ஆங்கிலமும் கணக்கும் தெரியும் என்று காட்டப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் ஊரிலிருந்து வரவழைத்து வையுங்கள். என்னுடையது மாமியார் வீட்டு பீரோவில் மாட்டிக்கொண்டது. அதனால் ஐந்தொகை போட்டுப் பட்டம் வாங்கிய நான், ஓர் அறைக்கு எத்தனை சதுர மீட்டர் கார்பெட் வேண்டும் என்று தேர்வு எழுதினேன்! 19 வயதைத் தாண்டிச் சேர்பவர்களுக்கு 2025 பிப்ரவரியில் அந்த ஆங்கில, கணக்குத் தேர்வுக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டார்கள். எங்கள் காலத்தில் அந்தச் சலுகை இல்லை.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது படிக்கும் நேரத்தைப் பற்றி. நான் படித்தபோது வேலை நேரத்தில் 20 சதவீதம் பயிற்சிக்கு என்பது விதி, அதாவது வாரத்தில் ஒரு நாள். 2022-ல் அதை வாரத்துக்குக் குறைந்தது 6 மணி நேரம் என்று மாற்றினார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு படிப்புக்கும் இத்தனை மணி நேரம் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். எந்த விதியானாலும் அந்த நேரம் உங்கள் சம்பள நேரத்துக்குள் வர வேண்டும். ஆனால் அலுவலகத்தில் அது யார் கண்ணிலும் படாது. எனக்கு ஒதுக்கிய நாள் புதன்கிழமை. இரண்டாம் மாதமே மேலாளர் வாராந்தரக் கூட்டத்தைப் புதன் காலைக்கு மாற்றினார். "ஒரு மணி நேரம்தானே" என்றார். அடுத்த வாரம் கூட்டக் குறிப்பு எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. அவர் கெட்டவர் இல்லை, ஆள் பற்றாக்குறை.

நான் அவுட்லுக் காலண்டரில் நான்கு வருடத்துப் புதன்களையும் அடைத்தேன். எந்தத் தேதியில் என்ன படித்தேன், எத்தனை மணி நேரம் என்று எக்செல்லில் அன்றன்றைக்கே எழுதினேன். சில மாதங்களுக்கு ஒருமுறை பல்கலைக்கழகப் பயிற்றுநர், மேலாளர், நாம் என்று மூன்று பேரும் உட்காரும் பரிசீலனைக் கூட்டம் நடக்கும். "நேரம் கிடைக்கிறதா?" என்று மேலாளரை வைத்துக்கொண்டே கேட்பார்கள். நம் ஆட்கள் பல்லைக் காட்டிக்கொண்டு "நோ ப்ராப்ளம்" என்பார்கள். நான் எக்செல் தாளை மேசைமேல் வைத்தேன். மேலாளர் முகம் சிவந்தது. அடுத்த வாரம் கூட்டம் செவ்வாய்க்குப் போனது. வேலையும் போகவில்லை, உறவும் கெடவில்லை.

என்னோடு படித்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர், என்னைவிடக் கெட்டிக்காரர். எல்லாக் கூட்டத்திலும் "பரவாயில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இறுதி மதிப்பீட்டுக்கு முன், எல்லாம் முடித்தாயிற்றா என்று சரிபார்க்கும் கேட்வே என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே பார்த்தால் அவர் மணிக்கணக்கு குறைகிறது. சான்றுகளைத் திரட்டித் திரும்பக் கொடுப்பதற்குள் நாங்கள் எல்லோரும் முடித்துவிட்டோம். ராத்திரி முழுக்க வீட்டில் படித்தவர்தான், ஆனால் அந்த ராத்திரிகள் கணக்கில் வராது.

என் இறுதி மதிப்பீட்டில் நான் பேசியது ஒரு சாதாரண விஷயம். பழுது பார்க்கப் போகும் ஆள், வீட்டில் யாரும் இல்லாமல் திரும்பி வருவார். முதல் நாள் மாலையே குடியிருப்பவருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப ஏற்பாடு செய்திருந்தேன். அதை யார் எதிர்த்தார்கள், எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். கும்பகோணத்தில் பிறந்தவளுக்கு ஆட்களைச் சமாதானப்படுத்தச் சொல்லியா தர வேண்டும்?

சேர்ந்த புதிதில் மேனர் பார்க் முருகன் கோயிலில் ஒரு மாமி, "அப்ரண்டிஸா? ஐ.டி.ஐ. பசங்க போவாங்களே, அதுவா?" என்று கேட்டார். இப்போது அவர் பேரனுக்கு ஏ-லெவல் (நம் பிளஸ் டூ மாதிரி) கடைசி வருடம், விண்ணப்பத்தைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்புகிறார். கல்லூரிகளுக்குப் போல ஒரே கடைசித் தேதி இதற்குக் கிடையாது, அப்ரண்டிஸ்ஷிப் விளம்பரங்கள் வரும் அரசின் இணையதளத்தை வாராவாரம் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். உங்களுக்கும் அதேதான். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள், அதை உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.