போலந்தின் விகிலியா விருந்தில் இறைச்சி இல்லாததும் ஓர் இருக்கை காலியாக இருப்பதும் ஏன்?

டிசம்பர் 24 இரவு, முதல் விண்மீன் தெரிந்தபின் போலந்துக் குடும்பங்கள் கூடி உண்ணும் விகிலியா விருந்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு நாள். திருச்சபை இன்று புலால் மறுப்பைக் கட்டாயமாக்காவிட்டாலும் பெரும்பாலான வீடுகள் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. ஆகவே மீன், காளான், முட்டைக்கோஸ், கசகசா ஆகியவற்றைக் கொண்டே, இயேசுவின் முதன்மைச் சீடர்களான அப்போஸ்தலர்களின் எண்ணிக்கைக்கேற்ப 12 பதார்த்தங்கள் சமைக்கப்படுகின்றன.

இவற்றுள் முன்னேற்பாடு அதிகம் வேண்டுவது பார்ஷ்ச் என்னும் பீட்ரூட் சாறு. பீட்ரூட் துண்டுகளைப் பூண்டுடன் உப்புநீரில் இட்டு, ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, அந்தப் புளிப்பு நீரைக் காய்கறிச் சாற்றில் கலந்து மெல்லச் சூடாக்க வேண்டும். நெடுநேரம் கொதித்தால் செந்நிறம் பழுப்பாகிவிடும். உலர்காளான் பூரணம் வைத்த, சின்னக் கொழுக்கட்டை போன்ற உஷ்காவை அதில் இட்டுப் பரிமாறுவார்கள். (கடையில் விற்கும் ஆயத்தச் சாறும் உண்டு, வீட்டில் புளிக்கவைத்ததன் சுவை அதற்கு வராது என்பது என் கருத்து.)

காலி இருக்கை எதிர்பாராத விருந்தினருக்கானது என்பதே இன்று பலரும் தரும் விளக்கம். ஆனால் நடுக்குளிர்கால இரவில் இறந்தோர் வீடு திரும்புவர் என்ற பழைய நம்பிக்கையையும் அதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கிழக்குப் பகுதிகளில் கோதுமை, கசகசா, தேன் கலந்து செய்யும் கூத்யாவும் முன்னோர் நினைவோடு தொடர்புடைய உணவே. மேசைவிரிப்பின் கீழ் பரப்பும் உலர்புல் இயேசு பிறந்த தீவனத்தொட்டியை நினைவூட்டுகிறது என்றாலும், மணமாகாதோர் அதிலிருந்து ஒரு புல்லை உருவிக் குறி பார்ப்பதுண்டு: பச்சையாக வந்தால் விரைவில் திருமணம், வாடியிருந்தால் காத்திருக்க வேண்டும்.